கியோட்டோவில் இலை பார்க்கப் போகிறோமா, கூட்டம் பார்க்கப் போகிறோமா?

தெற்குவாசல்:

தம்பி ஒசாகாவில் வேலை பார்க்கிறான். நவம்பர் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிடு, கியோட்டோவில் மொமிஜி, அதாவது சிவக்கும் மேப்பிள் இலை, பார்க்கலாம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். படங்களைப் பார்த்தேன். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பஸ்ஸுக்கு வரிசை, கோயில் வாசலில் வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

எனக்கு விளங்காதது இதுதான். மரம் இலையை உதிர்க்கப் போகிறது, அதற்கு முன் நிறம் மாறுகிறது. இதைப் பார்க்க ஒரு நாடே டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது என்றால், அதில் பழைய மரபு எவ்வளவு, சுற்றுலா வியாபாரம் எவ்வளவு? அங்கே இருப்பவர்களும் போய் வந்தவர்களும் சொல்லுங்கள். பயண யோசனையும் வேண்டும், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

நாகோயாவாசி:

சண்டைக்கு ஆள் வருவதற்குள் தேதியைப் பேசிவிடுவோம். செர்ரிப் பூ தெற்கிலிருந்து வடக்கே ஏறும். இலையின் நிறம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். ஹொக்கைடோவில் தைசெத்சு மலைகளின் உச்சியில் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். நிக்கோவின் மேட்டுப் பகுதியில் அக்டோபர். கியோட்டோ நகருக்குள் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. பூவைவிட இது எவ்வளவோ மேல். பூ ஒரு மழைக்குக் கொட்டிவிடும். இலை இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஓரிடத்தில் முடிந்திருந்தால் சற்றுத் தாழ்வான இன்னோர் இடத்தில் அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

நவம்பர் 23 இங்கே தொழிலாளர் நன்றி நாள், பொது விடுமுறை. அதையொட்டி வரும் சனி ஞாயிறில் கியோட்டோ பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். நகர பஸ்களுக்கு மட்டும் ஒரு நாள் பாஸ் இருந்தது; நெரிசல் தாங்காமல் 2023 செப்டம்பருடன் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இப்போது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த பாஸ்தான். முடிந்தவரை ரயிலிலேயே போகப் பாருங்கள். தோஃபுகுஜி கோயில் கியோட்டோ நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தம்தான், நாரா பாதையில்.

வெட்டிவேர்:

கேள்விக்கு நேரான பதில் நான் சொல்கிறேன்: முக்கால்வாசி வியாபாரம். ஒரு காலத்தில் துறவியும் கவிஞனும் மலைக்குள் தனியாகப் போய்ப் பார்த்து, நான்கு வரி எழுதிவிட்டுத் திரும்பினார்கள். இன்று மரத்தடியில் மின்விளக்கு. எய்கான்தோ கோயிலில் பகலில் பார்க்க 1000 யென். மாலையில் எல்லோரையும் வெளியேற்றி வாசலைச் சாத்திவிட்டு, இரவு விளக்கு பார்க்க மறுபடி டிக்கெட். ருரிகோஇன் என்ற இடத்தில் 2000 யென். அங்கே மாடியில் பளபளவென்று மெருகேற்றிய மேசை ஒன்று இருக்கிறது. வெளியே உள்ள இலைகளின் பிம்பம் அதில் விழும். வருகிறவர்கள் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையைப் படமெடுக்கிறார்கள். இதற்குப் பெயர் மரபா?

நான் போயிருந்தபோது ஒரு பெயர்பெற்ற கோயிலின் பாலத்தில் நிற்கவே விடவில்லை. ஒலிபெருக்கியில் "நகருங்கள், நகருங்கள்." திருவிழாக் கூட்டத்தில் சாமியைப் பார்த்ததுபோல்தான் இலையைப் பார்த்தேன்.

ஏட்டுச்சுரைக்காய்:

வெட்டிவேர் சொல்லும் அந்தத் தனிமைத் துறவியை நானும் ஏடுகளில் தேடியிருக்கிறேன். அகப்படவில்லை. அகப்படுவதெல்லாம் கூட்டம், மது, கூத்து.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு மடிப்புத்திரை ஓவியம் இருக்கிறது. கானோ ஹிதெயோரி 16ஆம் நூற்றாண்டில் வரைந்தது. தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றது. கியோட்டோவுக்கு வடமேற்கே தக்காவோ என்ற மலையடிவாரம், கியோதக்கி ஆறு, பாலம், மேப்பிள் மரங்கள். மரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிச் சாப்பிடுகிறார்கள், நடுவே குழந்தை. இன்னொரு பக்கம் ஆண்கள் குடித்துக்கொண்டிருக்க ஒருவன் எழுந்து ஆடுகிறான். தேநீர் விற்கிறவனும் இருக்கிறான். கவனித்துப் பாருங்கள், இலையை அண்ணாந்து பார்க்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் மேசைப் படக்காரர்களுக்கு நானூறு ஐந்நூறு ஆண்டு மூத்த அண்ணன்மார் இவர்கள்.

கவிதைக்கு வருவோம். தட்சுதா ஆற்றில் இலைகள் மிதந்து, தண்ணீருக்கே செஞ்சாயம் ஏற்றியதுபோல் இருக்கிறது, தேவர்கள் காலத்திலும் இப்படிக் கேட்டதில்லை என்று 9ஆம் நூற்றாண்டின் அரிவரா நோ நரிஹிரா பாடினார். நூறு கவிஞர் தொகுப்பில் உள்ள பாட்டு, ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அவர் ஆற்றங்கரையில் நின்று அதைப் பாடவில்லை. அரசி ஒருவரின் மாளிகையில் இருந்த திரையில் தட்சுதா ஆற்றை வரைந்திருந்தார்கள். அந்த ஓவியத்தைப் பொருளாகக் கொண்டு பாடியது என்று கொகின்ஷூ என்ற பழைய கவிதைத் தொகுப்பே பாட்டுக்கு முன்குறிப்புத் தருகிறது. மேசையில் பிம்பம் பார்ப்பதற்கும் திரையில் ஆறு பார்ப்பதற்கும் அப்படி என்ன பெரிய தூரம்?

வெட்டிவேர்:

ஓவியத்தைப் பார்த்துப் பாடினால் கவிதை. மேசையைப் பார்த்துப் படமெடுத்தால் முகநூல் பதிவு. தூரம் அவ்வளவுதான்.

பச்சையம்:

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒரு சங்கதி. "நிறம் மாறுகிறது, அவ்வளவுதானே" என்று தெற்குவாசல் எழுதியிருக்கிறார். மஞ்சளுக்கு அது சரி. சிவப்புக்குச் சரியில்லை.

ஜிங்கோ மரத்தின் மஞ்சள் கரோட்டினாய்டு நிறமி. அது கோடை முழுவதும் இலைக்குள்ளேயேதான் இருந்தது, பச்சையம் மறைத்துக்கொண்டிருந்தது. குளிர் வந்ததும் மரம் பச்சையத்தைச் சிதைத்து அதிலிருக்கும் நைட்ரஜனைத் தண்டுக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது, மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற வேறொரு நிறமி. அது முன்பே இருந்ததல்ல. உதிரப்போகிற இலை, கடைசி நாட்களில், தன்னிடம் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாகத் தயாரிப்பது. இலைக்காம்பின் அடியில் உதிர்வுப் படலம் உருவாகி வழி அடைபடுவதால் சர்க்கரை வெளியேற முடியாமல் தங்குகிறது. பகலில் நல்ல வெயில் இருந்தால் சர்க்கரை கூடும், இரவு குளிர்ந்தால் அது செலவாகாமல் நிற்கும். இரவு வெப்பநிலை 8 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் நிறம் பிடிக்கும், 5, 6 டிகிரி என்றால் வேகம் எடுக்கும் என்பது ஜப்பானியர் வைத்திருக்கும் கணக்கு. மலைப் பள்ளத்தாக்குகளில், ஆற்றோரத்தில் சிவப்பு ஆழமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் அதிகம், இலை காய்ந்து சுருங்காத அளவுக்கு ஈரமும் உண்டு.

சாகப்போகிற இலைக்கு எதற்கு இந்தச் செலவு? நைட்ரஜனைத் திரும்ப எடுக்கும்வரை கடும் வெளிச்சத்திலிருந்து இலையைக் காக்கும் திரை என்கிறார்கள் பலர். பூச்சிகளுக்கு மரம் விடும் எச்சரிக்கை என்று 2001இல் ஹாமில்டன், பிரவுன் இருவரின் கட்டுரை வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

நம் ஊர்த் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை உதிர்வதற்கு முன் சிவப்பதும் ஆந்தோசயனினால்தான். ஒரு மரத்தில் பத்து இலை சிவந்திருக்கும், மற்றது பச்சையாக இருக்கும். குளிர் ஒரே நாளில் எல்லா இலைக்கும் ஆணையிடாததால் மலை முழுவதும் சேர்ந்து சிவப்பதில்லை.

தெற்குவாசல்:

பச்சையம் ஐயாவுக்கு நன்றி. புதிதாகத் தயாரிக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. அப்படியானால் ஒவ்வோர் ஆண்டும் நிறம் வேறுபடுமா? தம்பி "இந்த ஆண்டு தாமதம்" என்று ஏதோ சொன்னான்.

நாகோயாவாசி:

வேறுபடும். தாமதமும் உண்மைதான், இந்த ஒரு ஆண்டுக் கதையல்ல. ஜப்பான் வானிலை முகமை நாடு முழுவதும் மாதிரி மரங்கள் வைத்திருக்கிறது. அந்தந்த ஊரின் மாதிரி மரத்தைப் பார்த்து, ஏறக்குறைய எல்லா இலையும் சிவந்துவிட்டால் அது சிவந்த நாள், எண்பது சதவீதம் கொட்டிவிட்டால் உதிர்ந்த நாள் என்று எழுதிவைப்பார்கள். 1953 முதல் உள்ள பதிவுகளை அடுக்கிப் பார்த்தால் மேப்பிள் சிவக்கும் நாள் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று நாள் வீதம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. கோடை வெயில் கடுமையாக இருந்தால் இலை நுனி கருகி, சிவப்பதற்குப் பதில் பழுப்பாகிச் சுருண்டுவிடும்.

கூடுதல் தகவல்: இதே முகமை முன்பு குயில், தவளை, மின்மினி எல்லாம் எப்போது வந்தன என்று குறித்துவைத்தது. 2021 முதல் விலங்கு, பறவை, பூச்சி அத்தனையையும் கைவிட்டுவிட்டது. செடிகொடிகளில் ஆறு வகைதான் மிச்சம்; மேப்பிளும் ஜிங்கோவும் அந்த ஆறில் தப்பின. மக்கள் கேட்கிறார்கள் என்பதால்தான் தப்பின என்பது என் ஊகம்.

ஏட்டுச்சுரைக்காய்:

தாமதம் என்றதும் இன்னொரு பாட்டு. ஓய்வுபெற்ற பேரரசர் உதா கியோட்டோவின் அரஷியாமா பக்கம் ஆற்றுக்கு உலா போனார். ஒகுரா மலையின் சிவப்பைப் பார்த்து, இதை என் மகனும் பார்க்க வேண்டுமே என்றார். மகன்தான் அப்போது பேரரசர். உடன் போயிருந்த ஃபுஜிவரா நோ ததஹிரா உடனே பாடினார்: ஒகுரா உச்சியின் இலைகளே, உங்களுக்கு மனம் என்று ஒன்று இருந்தால் இன்னொரு அரச உலா வரும்வரை உதிராமல் காத்திருங்கள். இலைகள் இப்போது பத்தாண்டுக்கு மூன்று நாள் வீதம் காத்திருக்கப் பழகிவிட்டன.

வெட்டிவேருக்கு ஒன்று. தோஃபுகுஜியில் ஏன் செர்ரி மரமே கண்ணில் படாது தெரியுமா? 15ஆம் நூற்றாண்டில் அங்கே மின்ச்சோ என்ற துறவி ஓவியர் இருந்தார். ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் அஷிகாகா யொஷிமொச்சி அவருடைய படத்தைப் பார்த்து மகிழ்ந்து, வேண்டியதைக் கேள் என்றாராம். பொன் வேண்டாம், பொருள் வேண்டாம், இந்தச் செர்ரி மரங்களை வெட்டிவிடுங்கள். பூ பார்க்க வருகிற கூட்டம் கோயிலைக் கேளிக்கை இடமாக்கிவிடும் என்று கேட்டாராம். வெட்டினார்கள். இன்று அதே பள்ளத்தாக்கில் இரண்டாயிரம் மேப்பிள் மரங்கள், இலை பார்க்க மேலே பாலம் முழுக்க மனிதத் தலை. மின்ச்சோ எந்த முகத்தோடு பார்ப்பாரோ! கூட்டம் எப்படியும் வரும். பூ இல்லையென்றால் இலைக்கு வரும்.

வெட்டிவேர்:

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் துறவி என் கட்சி என்பதைக் கவனியுங்கள். கூட்டம் கெடுக்கும் என்று 15ஆம் நூற்றாண்டிலேயே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது அதே கோயில் என்ன செய்கிறது? 2016 முதல் உச்ச நாட்களில் அந்தப் பாலத்தில் படமெடுக்கத் தடை.

நாகோயாவாசி:

தடைக்கு நான் ஆதரவு. அந்தத் த்சூதென் பாலம் கூரை போட்ட மரப்பாலம், அகலம் கிடையாது. 1959 புயலில் பழையது இடிந்து 1961இல் மறுபடி கட்டியது. ஆளுக்கு நான்கு படம் என்று நின்றால் பின்னால் இருப்பவர் கதி என்ன? தடை வந்த பிறகு போனேன். கையில் ஒன்றும் இல்லாததால் எல்லோரும் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தார்கள். மேலிருந்து பார்க்கும்போது மரத்தின் உச்சி ஒரு நிறம், அடியில் நிழலில் இருக்கும் கிளை இன்னொரு நிறம். உச்சி முழுச் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, வெயில் படாத அடிக்கிளையில் எலுமிச்சைப் பச்சை. இலையும் சின்னது, குழந்தையின் உள்ளங்கை அளவு இருக்காது. ஐந்து முதல் ஒன்பது வரை விரல் பிரியும், பெரும்பாலும் ஏழு.

மரபா, வியாபாரமா என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம். நாகோயாவுக்குக் கிழக்கே கோரன்கேய் பள்ளத்தாக்கு. இன்று சுமார் நாலாயிரம் மேப்பிள். அது காடல்ல. கோஜாகுஜி கோயிலின் பதினோராவது தலைமைத் துறவி 1634இல் வழிநெடுக நடத் தொடங்கியது, பிறகு ஊர்க்காரர்கள் நட்டுச் சேர்த்தது. மக்கள் வந்து பார்க்கட்டும் என்று நட்டதை மக்கள் வந்து பார்க்கிறார்கள். அங்கே போகிற ஒற்றைச் சாலையில் நவம்பர் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டால் இலையைக் காருக்குள் இருந்தே ரசிக்கலாம், அவ்வளவு நேரம் கிடைக்கும்.

மலையேறி:

இவ்வளவு நேரம் எல்லோரும் தோட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நட்ட மரம், வெட்டிய மரம், விளக்குப் போட்ட மரம். காட்டுக்கு வாருங்கள்.

ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரில் கரசவா என்று பனிக்கட்டி குடைந்த கிண்ணம்போன்ற பள்ளம் இருக்கிறது, 2300 மீட்டர் உயரத்தில். கமிகோச்சியிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேர நடை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். அங்கே சிவப்பு மேப்பிள் அல்ல, நனகமதோ என்ற மலை மரம். கொத்துக்கொத்தாய்ச் சிவப்புப் பழமும் இருக்கும். மஞ்சளுக்கு மலைப் பிர்ச். அதிர்ஷ்டம் இருந்தால் உச்சியில் முதல் பனி, நடுவில் சிவப்பு, அடிவாரத்தில் பச்சை என்று மூன்றும் ஒரே பார்வையில். நுழைவுச் சீட்டு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கரடி உண்டு, பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:

அங்கே கூட்டமே இருக்காதா?

மலையேறி:

உச்ச வாரத்தில் கூடாரத்துக்குக் கூடாரம் கயிறு தடுக்கும். தங்கும் குடிலில் சாப்பாட்டுக்கு வரிசை உண்டு. ஆறு மணி நேரம் நடந்து வந்தவர்களின் வரிசை, அது வேறு.

ஏட்டுச்சுரைக்காய்:

இதைத்தான் கேட்க விரும்பினேன்.

7ஆம் நூற்றாண்டிலேயே வசந்தப் பூவா, இலையுதிர்கால மலையா என்று அரண்மனையில் போட்டி நடந்தது. நுகதா இளவரசி தீர்ப்புச் சொன்னார்: வசந்தத்தில் பூ மலர்கிறது, பறவை வருகிறது, ஆனால் மலையில் புதர் அடர்ந்து உள்ளே போய்ப் பறிக்க முடிவதில்லை. இலையுதிர்காலத்தில் சிவந்ததைக் கையில் எடுத்து ரசிக்கலாம், இன்னும் பச்சையாய் இருப்பதை விட்டுவிட்டுப் பெருமூச்சு விடலாம். அதனால் என் வாக்கு இலையுதிர்கால மலைக்கே. காரணத்தைப் பாருங்கள். தத்துவம் இல்லை, நிலையாமை இல்லை. உள்ளே நடக்க முடிகிறது, கையில் எடுக்க முடிகிறது, அதனால் பிடிக்கிறது. நிலையாமை உபதேசமெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஏற்றிய சுமை. என் கட்சி இதுதான்: இது முதலிலிருந்தே வெளியே கிளம்பிப் போய், நாலு பேரோடு உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வருகிற மரபு. டிக்கெட் புதிது, கூட்டம் பழசு.

வெட்டிவேர்:

நாலு பேரோடு உட்கார்ந்து என்கிறீர்கள். நான் போன இடத்தில் உட்கார இடம் கொடுத்தால் உங்கள் கட்சியில் சேர்கிறேன். நின்று, நகர்ந்து, வெளியேறும் வழி வழியாக நினைவுப்பொருள் கடைக்குள் போய் விழுந்தோம். ஹிதெயோரியின் திரையில் அந்தப் பெண்கள் யாருடைய முதுகையும் பார்க்கவில்லையே. எண்ணிக்கை கூடினால் அது அதே மரபு அல்ல.

பச்சையம்:

சாப்பாடு பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கேள்வி. இலையையே பஜ்ஜி போடுகிறார்களாமே, உண்மையா?

நாகோயாவாசி:

உண்மை. ஒசாகாவுக்கு வடக்கே மினோ என்ற ஊர். ரயில் நிலையத்திலிருந்து 33 மீட்டர் அருவி வரை ஆற்றோர நடைபாதை, வழியெல்லாம் கடைகள். மஞ்சளாகும் ஒரு மேப்பிள் வகையின் இலையைப் பறித்துக் கழுவி, பீப்பாயில் உப்பு போட்டு ஓராண்டு ஊறவைப்பார்கள். பிறகு உப்பை நீக்கி, கோதுமை மாவு, சர்க்கரை, எள் கலந்த மாவில் தோய்த்து எண்ணெயில் நிதானமாக முறுக விடுவார்கள். அந்த மலையில் தவமிருந்த துறவி ஒருவர் பயணிகளுக்குக் கொடுத்ததில் தொடங்கியது என்பது கர்ணபரம்பரை. கடித்தால் எள்ளும் சர்க்கரையும்தான் தெரியும். இலையின் ருசி என்று தனியாக ஒன்றும் இல்லை. வடிவத்துக்குத்தான் காசு.

தெற்குவாசல், உங்கள் தம்பி ஒசாகாவில் இருப்பதால் இது பக்கம். மினோவின் பாதை தார் போட்ட பாதை, படிக்கட்டு இல்லை. ஆனால் அருவி வரை முக்கால் மணி நேரம் லேசான ஏற்றம். அம்மா வழியில் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்துவிடலாம்.

தெற்குவாசல்:

எல்லோருக்கும் நன்றி. சண்டை தீராது போலிருக்கிறது, தீர வேண்டும் என்றும் இல்லை. ஏட்டுச்சுரைக்காய் ஐயா சொன்ன அந்தத் தக்காவோவுக்கே போகலாமா என்று தோன்றுகிறது. ஓவியத்தில் இருக்கிற இடத்தில் அம்மாவை உட்கார வைத்துத் தயிர்சாதம் கொடுக்கலாம். வழி எப்படி?

ஏட்டுச்சுரைக்காய்:

கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் ரயில் நிறுவனத்தின் பஸ், ஐம்பது நிமிடம் அளவில். மலைப்பகுதி என்பதால் நகரத்துக்கு முன்பே, நவம்பர் முதல் பாதியிலேயே சிவந்துவிடும். நீங்கள் கடைசி வாரத்தில் போனால் பெரும்பாலும் தரையில்தான் பார்ப்பீர்கள். இன்னொரு தடங்கல்: பஸ்ஸிலிருந்து இறங்கி ஆற்றுக்கு ஒரு இறக்கம், பிறகு ஜிங்கோஜி கோயிலுக்கு நானூறு படி அளவில் ஏற்றம். மேலே போனால் மண் சில்லுகளைப் பள்ளத்தாக்கில் வீசித் தோஷம் கழிக்கலாம், வேடிக்கையாக இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. ஆற்றங்கரையோடு நிறுத்திக்கொண்டாலும் திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்கு ஏற வேண்டியிருக்கும்.

நாகோயாவாசி:

அம்மாவுக்கு என்றால் என் யோசனை கியோட்டோ தாவரவியல் பூங்கா. 1924இல் திறந்தது, சமதளம். கராசுமா சுரங்க ரயிலில் கிதயாமா நிலையத்தில் இறங்கினால் வெளியே வந்ததும் வாசல். குளத்தைச் சுற்றி மேப்பிள் இருக்கிறது, பெஞ்சுகளும் உண்டு. கோயிலுக்குப் போகிற கூட்டம் இங்கே வராது. நீங்களும் தம்பியும் ஒரு நாள் விடியற்காலையில் தோஃபுகுஜிக்குப் போய்விட்டு வாருங்கள். வாசல் திறக்கும் முன்பே வரிசையில் நில்லுங்கள்.

வெட்டிவேர்:

பெஞ்ச் இருக்கிறது என்றீர்களே, அந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

நாகோயாவாசி:

உங்கள் மேசைக்குக் கொடுத்த காசில் குடும்பத்தோடு போகலாம். குப்பைத் தொட்டியை மட்டும் நம்பாதீர்கள், ஜப்பானில் எங்குமே கிடைப்பது அரிது. தயிர்சாதப் பாத்திரத்தைக் கழுவாமலே பையில் எடுத்துவர ஒரு உறை கொண்டுபோங்கள்.